பின்னால் டிஸ்க் மாற்றிய காருக்கு எந்த பிரேக் வால்வு?

வணக்கம் நண்பர்களே. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வந்த பழைய கார். இப்போது பின்னாலும் டிஸ்க் போட்டாச்சு, பின் டயரும் அகலம் கூடியிருக்கு. கம்பெனி காம்பினேஷன் வால்வு மட்டும் அப்படியே இருக்கு. அதற்குள் மூன்று வேலை நடக்குது: பின் டிரம்மில் ஷூ விரியும்வரை முன் டிஸ்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் மீட்டரிங், ஓர் அளவுக்கு மேல் பின்பக்க அழுத்தம் வேகமாக ஏறாமல் மட்டுப்படுத்தும் புரொப்போர்ஷனிங், ஒரு லைனில் அழுத்தம் போனால் எச்சரிக்கை விளக்கை எரியவிடும் சுவிட்ச். நாலும் டிஸ்க் ஆனபிறகு மீட்டரிங் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பழையதை எடுத்துவிட்டு, பின் லைனில் திருகி அளவு மாற்றும் புரொப்போர்ஷனிங் வால்வு போடலாமா? பழையது, புதியது இரண்டையும் தொடராக வைத்தால் பின் பிரேக் வலு ரொம்பக் குறைந்துவிடலாம். ஆனால் அந்த எச்சரிக்கை சுவிட்சை இழக்க எனக்கு மனசில்லை. நாலு டிஸ்க்குக்கென்றே வரும் காம்பினேஷன் வால்வு போதுமா?

இன்னொன்று: மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை லைனில் தள்ளும் பாகம்) டிரம்முக்கான 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு, அதாவது பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு, இருந்தால் பின் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பிரேக் போடும்போது பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் (உருளாமல் நின்று சறுக்கினால்) கார் சுழன்றுவிடும், அதுதான் பயம். செய்து பார்த்தவர்கள் எந்த நிலையிலிருந்து திருக ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள்.