கலைச்சொல் உதவி: ‘மெமரி மேப்பிங்’ – படமாக்கலா, பொருத்தலா, மாட்டலா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் சாதன இயக்கிகளுக்கான (வன்பொருளை இயக்கும் நிரல்களுக்கான) பிழைதிருத்தக் கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பல செயல்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) ஒரே சாதன நினைவகத்தைப் பகிரும்போது வரும் பிழைகளுக்கென்றே ஓர் இயல் உண்டு. அதில் ‘மேப்பிங்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘நினைவகப் படமாக்கல்’ என்று போட்டுப் பார்த்தேன். இந்த வரியில் அது நிற்கவில்லை:

“தாய்ச் செயலின் படமாக்கல் சேய்க்கும் வருகிறது, சேய் படநீக்கம் செய்ததும் தாயின் படம் கெடுகிறது.”

வினை, அதன் எதிர்வினை, பெயர் மூன்றும் தரக்கூடிய ஒரே வேர் வேண்டும்.

இயக்கி எழுதுபவர்:
முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். மேப்பிங்கைச் செய்யும் எம்மேப் (mmap) அழைப்பு எதையும் நகலெடுப்பதில்லை. செயலின் மெய்நிகர் முகவரிகளில் (செயலின் கண்ணுக்குத் தெரியும் முகவரிகளில்) ஒரு தொடர்ச்சியை எடுத்து, எது எதோடு சேரும் என்று குறித்துவைக்கும் பக்க அட்டவணை வழியே சாதனத்தின் பௌதிக முகவரிகளோடு சேர்த்துவைக்கிறது. பக்கம் 4096 பைட் என்றால் தொடக்க இடமும் 4096-இன் மடங்காக இருக்க வேண்டும், இல்லையேல் அழைப்பே தோற்கும்.

உங்கள் வரி சொல்லும் பிழை இதுதான்: இயக்கியின் எம்மேப் செயற்கூறு முதல்முறை மட்டுமே ஓடும். ஃபோர்க் (ஒரு செயல் தன் நகலாகச் சேய்ச் செயலை உருவாக்கும் அழைப்பு) நடக்கும்போது, இயங்குதளத்தின் மையமான கருனி அதை மறுபடி அழைக்காது. அந்த நினைவகப் பகுதிக்குரிய ‘ஓப்பன்’ செயற்கூறைத்தான் அழைக்கும். பயன்பாட்டு எண்ணிக்கையை எம்மேப்பில் மட்டும் 1 ஆக்கிவிட்டு ‘குளோஸ்’ வரும்போதெல்லாம் குறைக்கும் இயக்கியில், சேய் முடிந்தவுடன் எண்ணிக்கை 0. நினைவகம் விடுவிக்கப்படுகிறது, தாயோ இன்னும் அதே முகவரியில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஓப்பனிலும் ஒன்று கூட்டினால் சரியாகிவிடும். சேய்க்கு அந்த நினைவகமே தேவையில்லை என்றால், ஃபோர்க்குக்கு முன்பே, நினைவகம் பற்றிக் கருனிக்குச் சொல்லும் எம்அட்வைஸ் அழைப்பில் ‘டோன்ட்ஃபோர்க்’ கொடுத்துவிடுங்கள். பிறகு ப்ராக் அடைவில் தாய்ச் செயலின் நினைவகப் பகுதிகளைப் பட்டியலிடும் ஸ்மேப்ஸ் கோப்பைத் திறந்து, அந்தப் பகுதிக்குரிய விஎம்ஃபிளாக்ஸ் வரியில் ‘டிசி’ (dc) என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேய்க்குப் போகாது.

சேர்ப்பதும் பிரிப்பதுமே வேலை என்பதால் என் தேர்வு ‘பொருத்தல்’. எதிர்வினை ‘கழற்றல்’.

வகுப்பு எடுப்பவர்:
> என் தேர்வு ‘பொருத்தல்’
கோப்பு முறைமையை ‘மவுன்ட்’ செய்வதற்கு, அதாவது ஓர் அடைவில் இணைப்பதற்கு, அதைத்தானே வழங்கிவருகிறோம்? ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்புவார். பள்ளிக் கணக்கில் சார்பு நடத்தும்போது ‘முன் உரு, நிழல் உரு’ என்கிறோம். ‘நினைவக நிழல்’ எனலாமே?

இயக்கி எழுதுபவர்:
நிழல் என்றால் அசல் வேறு, இது வேறு என்றாகிவிடும். எம்மேப்பை ‘பிரைவேட்’ வகையில் கேட்டால் நிலைமை அப்படித்தான் ஆகிறது: எழுதிய கணமே அந்தப் பக்கத்துக்குத் தனி நகல் உருவாகும், சாதனத்துக்கு ஒரு பைட்கூடப் போகாது. சாதனத்தின் பதிவேட்டில் எழுதியும் சாதனம் அசையவில்லை என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ‘ஷேர்டு’ என மாற்ற வேண்டும். பிழைக்குரிய பெயரைச் சரியான நிலைக்கு வைக்க வேண்டாம்.

தமிழாசிரியர்:
‘மாட்டு’ இருக்கும்போது ஏன் அலைகிறோம்? தொல்காப்பியச் செய்யுளியலில் அது ஓர் உறுப்பு. பொருள் அகன்று கிடந்தாலும் அணுகிக் கிடந்தாலும் கொண்டுவந்து கூட்டி முடிப்பது மாட்டு. மெய்நிகர் முகவரி ஓரிடத்தில், பௌதிக முகவரி வேறோரிடத்தில்; இரண்டையும் கூட்டி முடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? மாட்டு, கழற்று என்ற இணை எல்லார் வாயிலும் இருக்கிறது.

ஃபோர்க்குக்கும் ‘கவைத்தல்’ என்று ஆளலாம். கவர், கவை, கவட்டை எல்லாம் ஒரே வேர். சங்கப் பாடல்களில் ‘கவலை’ வழி பிரியும் இடத்தையும் குறிக்கிறது. மனம் இரு வழியாகப் பிரிவதால்தான் இன்றைய கவலையும் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘சாதனம்’ வடசொல், ‘கருவி’ என்றே எழுதுங்கள்.

வகுப்பு எடுப்பவர்:
ஐயா, ‘மாட்டு நினைவகம்’ என்று எழுதினால் மாட்டுவண்டி போலத்தான் படிப்பார்கள். மாடு என்பது மாட்டு எனத் திரியும் விதியை எல்லாரும் பள்ளியிலேயே படித்துவிட்டார்கள்.

தமிழாசிரியர்:
‘ஆற்று’ என்பதும் ஆற்றுநீரிலும் வருகிறது, பசியாற்று என்பதிலும் வருகிறது. யாரும் தடுமாறவில்லை. புழங்கப் புழங்கப் பழகிவிடும்.

இயக்கி எழுதுபவர்:
பழகும்வரை பிழை காத்திருக்காதே ஐயா. கவைத்தல் அழகான சொல். ஆனால் ஃபோர்க் என்பது அழைப்பின் பெயர், நிரல் வரியில் அப்படித்தான் தேட வேண்டும். ‘கருவி நினைவகம்’ என்றால் அதே இயலில் வரும் பிழைதிருத்தக் கருவியின் நினைவகம் என்று படிக்க இடமுண்டு. சாதனம் இருக்கட்டும்.

இன்னொன்று, எந்தச் சொல்லை எடுத்தாலும் ‘பழைய’ என்ற அடையோடு அது ஒட்ட வேண்டும். கோப்பு விவரிப்பியை (திறந்த கோப்பைச் சுட்டும் எண்ணை) மூடினாலும் பொருத்தல் போகாது. முனைந்து கழற்ற வேண்டும், அல்லது செயல் முடிய வேண்டும். நடுவில் சாதனத்தை மீளமைத்தால், ஏற்கெனவே இருக்கும் பொருத்தல்களை எல்லாச் செயல்களிலிருந்தும் இயக்கியே நீக்க வேண்டும். நீக்காவிட்டால் ஒரு செயல் பழைய பொருத்தல் வழியே, பாதி எழுந்த சாதனத்தில் எழுதிவிடும். நீக்கிவிட்டால் அடுத்த அணுகலில் பக்கப் பிழை (அந்தப் பக்கம் பொருத்தப்படவில்லை என்று கருனிக்கு வரும் அறிவிப்பு) எழும். காத்திருக்க வைப்பதா, தவறான அணுகல் என்னும் ‘சிக்பஸ்’ சமிக்ஞையைச் செயலுக்கு அனுப்புவதா என்பதை இயக்கி அங்கே தீர்மானிக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
‘பழைய பொருத்தல்’ வாக்கியத்தில் நன்றாக உட்காருகிறது. இப்படி முடிக்கிறேன்: மேப்பிங் – பொருத்தல், அன்மேப் – கழற்றல், மவுன்ட் – ஏற்றல். ஒவ்வோர் இயலிலும் முதல்முறை ‘பொருத்தல் எனப்படும் மேப்பிங்’ என்று வரும். ஃபோர்க், சாதனம் அப்படியே.

தமிழாசிரியர்:
‘ஏற்றல்’ ஏற்கெனவே ‘லோடு’க்குப் போய்விட்டதே! ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றைக் கலைக்கிறீர்கள். பொருத்தலை மவுன்ட்டுக்கே விட்டிருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. மாட்டலுக்கான என் வாக்கு மாறவில்லை. சொல்லடைவில் மாற்றுச் சொல்லாகவாவது சேர்த்துவிடுங்கள்.