ரெசல்யூட் பே – கிரிஸ் ஃபியோர்ட் விமான தூரம்: என் கணக்கு ஏன் 1,352 கி.மீ. காட்டுகிறது?

கணித ஆசிரியை

வணக்கம். என் மாணவர்களுக்கு ஒரு தூரக் கணக்கு தயாரிக்கிறேன். அவர்கள் கேள்விப்பட்டிராத ஊர்களாக இருக்கட்டும் என்று கனடாவின் வடகோடியில், நுனாவுட்டில் உள்ள இரண்டு சிறு விமான நிலையங்களை எடுத்தேன்.

ரெசல்யூட் பே: 74.717 பாகை வடக்கு, 94.969 பாகை மேற்கு.
கிரிஸ் ஃபியோர்ட்: 76.426 பாகை வடக்கு, 82.909 பாகை மேற்கு.

ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று வைத்தேன். வடக்கு நோக்கி 1.709 பாகை, அதாவது 190 கி.மீ. கிழக்கு நோக்கி 12.06 பாகை, அதாவது 1,339 கி.மீ. பிதாகரஸ் தேற்றப்படி 1,352 கி.மீ. வருகிறது. ஆனால் தூரம் காட்டும் இணையக் கருவிகள் 383 என்கின்றன. வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்திலும் இரண்டு ஊர்களும் நன்றாகத் தள்ளித்தான் இருக்கின்றன. இரண்டு நாட்களாக இதிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து உதவுங்கள்.

பழைய மாலுமி

வணக்கம் அம்மா. உங்கள் வடக்கு – தெற்குக் கணக்கு சரி. கிழக்கு – மேற்கில்தான் பிசகு. ஒரு தீர்க்கரேகைப் பாகை 111 கி.மீ. இருப்பது நிலநடுக்கோட்டில் மட்டும். தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்றுசேர்பவை. மேலே போகப் போக இடைவெளி குறுகிக்கொண்டே வரும். எவ்வளவு குறுகும் என்பதை அட்சரேகையின் கொசைன் சொல்லிவிடும். உங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடு அட்சரேகை 75.57. அதன் கொசைன் 0.249. அங்கே ஒரு பாகை வெறும் 27.7 கி.மீ.தான்.

12.06-ஐ அதனால் பெருக்கினால் 334. இப்போது 190-ஐயும் 334-ஐயும் வைத்துப் பிதாகரஸ் போடுங்கள். 384 வரும். கப்பலில் நாங்கள் காகிதத்தில் போட்டுவந்த கணக்கு இதுவே. குறுகிய தூரத்துக்கு ஒரு கிலோமீட்டர் பிசகுக்குமேல் வராது.

சுவர்ப் படத்தை நம்பாதீர்கள். அது மெர்க்கேட்டர் முறையில் வரைந்ததாக இருந்தால் அந்த அட்சரேகையில் எல்லாவற்றையும் நான்கு மடங்கு இழுத்துக் காட்டும். பள்ளியில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை வைத்துப் பாருங்கள்.

கணித ஆசிரியை

ஐயா, மிக்க நன்றி. காரணம் புரிந்துவிட்டது. ஆனால் கோள வாய்பாட்டையும் மாணவர்கள் பார்க்க வேண்டும் என்பதால் கணினி விரிதாளில் போட்டேன்: இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி, அதனுடன் இரு கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கிக் கூட்டி, நேர்மாறு கொசைன் எடுத்து, 6,371-ஆல் பெருக்கினேன். விடை 11,200 கி.மீ.க்கு மேல் போகிறது! முன்பு இருந்ததைவிட மோசம்.

விமானப் பிரியன்

டீச்சர், வாய்பாடு சரி. விரிதாள் கோணத்தை ரேடியன் என்ற அலகில்தான் எதிர்பார்க்கும்; நீங்கள் பாகையில் கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கோணத்தையும் பை (π) மதிப்பால் பெருக்கி 180-ஆல் வகுத்துவிட்டுக் கொடுங்கள், 383 வந்துவிடும். கடல் மைலில் 207.

இன்னொன்று. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறக்காதீர்கள். இரண்டுக்குமே விட்டுவிட்டால் தூரம் மாறாது, அதனால் பிழை கண்ணில் படாது. ஆனால் வரைபடத்தில் குறித்தால் இரண்டு ஊர்களும் சைபீரியாவை ஒட்டிய காரா கடல் பக்கம் போய்விடும்.

இந்தத் தடத்தில் தூரத்தைவிடத் திசைதான் அருமையான கணக்கு. ரெசல்யூட்டில் கிளம்பும்போது உண்மை வடக்கிலிருந்து (காந்த ஊசி காட்டுவது அல்ல, வட துருவம் இருக்கும் திசை) கிழக்கு நோக்கிச் சுமார் 55 பாகை. கிரிஸ் ஃபியோர்ட்டை நெருங்கும்போது அதே நேர்வழி 66 பாகை ஆகிவிடும். விமானம் எங்கும் திரும்பவில்லை, வடக்குதான் திரும்புகிறது. மாணவர்களை இதைக் கட்டாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காந்த ஊசியை நம்பி அங்கே பறக்க முடியாது. காந்தத் துருவத்துக்கு அருகே புவிக் காந்தம் ஊசியைக் கிடையாக இழுப்பதைவிடக் கீழ்நோக்கித்தான் இழுக்கும். அதனால் கனடாவின் வடபகுதியில் ஓடுபாதையின் திசையைக் குறிக்கும் எண்களையே உண்மை வடக்கை வைத்து இடுகிறார்கள். 2011 ஆகஸ்ட் 20 அன்று ரெசல்யூட்டில் இறங்க வந்த போயிங் 737 ரக ஜெட் ஓடுபாதைக்குக் கிழக்கே குன்றில் மோதி 12 பேர் இறந்தார்கள், மூவர் பிழைத்தார்கள். திசைகாட்டியின் பிழையும் அந்த விபத்தின் காரணங்களில் ஒன்று. சில பாகைதானே என்று மாணவர் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கணித ஆசிரியை

383 வந்துவிட்டது! அந்த 12 பேரைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. அதே ஜெட் கிரிஸ் ஃபியோர்ட்டுக்கும் போகுமா? பறக்கும் நேரத்தையும் கேள்வியில் சேர்க்க நினைக்கிறேன்.

விமானப் பிரியன்

போகாது. ரெசல்யூட்டின் ஓடுபாதை 1,982 மீட்டர், சரளைக்கல் பரப்பியது. கல் தெறித்து இன்ஜினுக்குள் போகாமல் தடுக்கும் கருவி பொருத்திய பழைய 737-கள் அதில் இறங்கும். கிரிஸ் ஃபியோர்ட்டில் இருப்பது 511 மீட்டர் சரளைப் பாதை. உங்கள் விளையாட்டு மைதானத்தின் 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றுக்கும் சற்றே கூடுதல். சுற்றிலும் மலை. ட்வின் ஆட்டர் போன்ற சிறு விமானந்தான். மணிக்கு 270 கி.மீ. என்று கொடுங்கள், ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் நடுவில் விடை வரும்.

பழைய மாலுமி

அம்மா, அந்த ஊர்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1953-லும் 1955-லும் கனடா அரசு கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக்கிலிருந்தும், பாஃபின் தீவில் உள்ள பாண்ட் இன்லெட்டிலிருந்தும் இனுவிட் என்ற ஆர்க்டிக் பழங்குடிக் குடும்பங்களைக் கொண்டுபோய் இந்த இரண்டு இடங்களிலும் இறக்கிவிட்டது. குளிர்காலத்தில் மூன்று மாதம் சூரியனே எழாத ஊர்கள். கிரிஸ் ஃபியோர்ட்டை அவர்கள் ஆயுயிட்டுக் என்கிறார்கள். ஒருபோதும் உருகாத இடம் என்று பொருள். 2010-ல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது.

கணித ஆசிரியை

சொல்கிறேன், ஐயா. இன்று மாலை 30 செ.மீ. உலக உருண்டையில் நூலை வைத்துப் பார்த்தேன். இரண்டு ஊர்களுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர். என் பழைய விடை சரியென்றால் மூன்று சென்டிமீட்டருக்குமேல் இருந்திருக்க வேண்டும். வகுப்பில் முதலில் நூலைத்தான் கொடுக்கப்போகிறேன், வாய்பாடு அப்புறம்.