முதல் ஸ்கேனில் இரண்டு, அடுத்ததில் ஒன்று: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு இது முதல் கர்ப்பம். ஆறாவது வாரம் வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேனில் கருவைச் சுற்றியிருக்கும் பைகள் இரண்டு தெரிகின்றன, இரட்டையாக இருக்கலாம் என்றார்கள். அம்மா அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து வேறு இடத்தில் உள்வழியாக (பிறப்புறுப்பு வழியாக) ஸ்கேன் எடுத்தோம். ஒன்றுதான் இருக்கிறது, இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். இன்னொன்று போய்விட்டது என்று அவள் அன்றிலிருந்து அழுகிறாள், சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

முதலில் தெரிந்தது வெறும் பிம்பமாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வயிற்றின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் உள்ள தசைகளில் ஒலியலை வளைந்து, ஒரே பை இரண்டாகத் தெரியுமாம். கருவியைச் சற்று நகர்த்தினாலோ திருப்பினாலோ இரண்டாவது மறைந்துவிடுமாம். உள்வழி ஸ்கேனில் அந்தத் தசைகள் குறுக்கே வருவதில்லை. பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி.

ரேடியாலஜி படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்த ஒரு படத்தை வைத்தே, அது பிம்பமா, நிஜமாகவே இருந்து கரைந்த கருவா என்று சொல்ல முடியுமா? வியாழக்கிழமை மறுபடி போகிறோம், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? அப்புறம், இப்படி நடந்த அக்காமார் யாராவது இருந்தால் அவளிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பெயரை மறைத்துப் படத்தை அனுப்புகிறேன்.