அப்பாவின் பார்கோ ஸ்டீயரிங்கை 20 அங்குலத்திலிருந்து 17-க்குக் குறைத்த அனுபவம்

எங்கள் வீட்டு லாரி பார்கோ, மூக்கு வைத்த பழைய வண்டி. அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனி டாட்ஜ் என்றும் பார்கோ என்றும் இரண்டு பெயரில் விற்ற வண்டியை இங்கே பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கட்டியது. எங்களுடையதில் பெர்கின்ஸ் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். காவேரிப்பட்டணத்தில் மாங்காய் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கும், தர்மபுரியில் புளி ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கி சேலத்துக்கும் அப்பா வருஷக்கணக்கில் ஓட்டினார். இப்போது அது எங்கள் மாந்தோப்பில் ஷெட்டுக்குள் நிற்கிறது. லோடு கிடையாது, ரோட்டுக்கும் போவதில்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து தோப்பைச் சுற்றி வருவதோடு சரி.

அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு சிக்கல் வந்தது. கேபினில் ஏறிவிடுவார். ஆனால் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் காலை மடக்கி நுழைக்க முடியாது. சின்ன வீல் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். ஒன்று மாட்டியும் பார்த்தோம். அப்பா இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, "இது யாரோட வண்டிடா?" என்று கேட்டு இறங்கிவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன்: கம்பெனி ஸ்டீயரிங்தான் இருக்க வேண்டும், அதையே சின்னதாக்க வேண்டும்.

அந்த வளையம் உள்ளே இரும்புக் கம்பி, மேலே கெட்டி ரப்பர். நிறைய கந்தகம் சேர்த்துக் காய்ச்சிய எபோனைட். துணியால் அழுத்தித் தேய்த்தாலே கந்தக வாடை வரும். வெயில் பட்டுப் பட்டு கறுப்பு போய்ப் பழுப்பேறியிருந்தது. வெயிலில் இரும்பு விரிகிற அளவும் ரப்பர் விரிகிற அளவும் வேறு வேறு. பழசாகிச் சுருங்கிய ரப்பர் அந்த இழுப்பைத் தாங்காமல் பிளந்துவிடும். எங்களுடையதில் பதினோரு இடத்தில் வெடிப்பு, இரண்டு இடத்தில் கம்பியே தெரிந்தது.

கழற்றும்போது செய்த ஒரு நல்ல காரியம்: முன் சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் வீலின் நடுக்குடத்திலும் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி அடித்துக்கொண்டேன். பிறகு வீலைக் கவ்வி இழுக்கும் புல்லர் போட்டுத்தான் இழுத்தேன். பின்னாலிருந்து சுத்தியலால் அடித்தால் அந்த அடி ஸ்டீயரிங் பாக்ஸ் பேரிங்குக்குப் போகும்.

முதலில் பைபாஸ் ஓரம் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். ரப்பரைச் சீவாமலே ஆர்க் வெல்டிங் வைத்துவிட்டார்கள். புகை கிளம்பி, கம்பியோடு சூடு ஓடி, நல்லா இருந்த இடத்திலும் இரண்டு வெடிப்பு. பாதியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியில் போட்டுக்கொண்டு வரும்போது அழுகை வராத குறை.

அப்புறம்தான் போச்சம்பள்ளிப் பக்கம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் ஒரு பெரியவரிடம் போனேன். மர வேலைக்கு ஆள் தேடிப் போனவன், வீலைக் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "பட்டா போடறப்ப சக்கரத்தவிட ஒரு விரக்கடை குறைச்சுதான் வளைப்போம் தம்பி. காய வச்சு ஏத்தி, தண்ணி ஊத்துனா கவ்விக்கும். வளையத்தக் குறைக்கறது எங்களுக்குப் புதுசில்ல. இதுல ரப்பர்தான் தொந்தரவு" என்றார். கணக்கையும் அவரே தரையில் குச்சியால் போட்டார். விட்டத்தில் ஒரு அங்குலம் குறைய, சுற்றளவில் மூன்றே சொச்சம் போக வேண்டும். 20-ஐ 17 ஆக்க ஒன்பதரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்ட வேண்டும். நடுக்குடத்தையும் வளையத்தையும் இணைக்கும் கைகள் மூன்று உள்ள வீல் என்பதால் கைக்குக் கை நடுவில் மூன்றே சொச்சம்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. வளையத்தின் அடிப்பக்கம் விரல் பதிகிற மேடுகள் இருக்கும். எங்கள் வீலில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் சரியாக ஒரு அங்குலம். நம் வண்டிகளில் கியர் இடது கைக்கு, அதனால் வலது கை வளையத்தை விடவே விடாது. வீலின் வலப்பக்கக் கைக்குச் சற்று மேலே நாலு மேடு அப்பாவின் விரலில் தேய்ந்து கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தன. அந்த நாலும் போகக் கூடாது. கணக்குப்படி 3.14 வெட்டினால் ஒட்டுகிற இடத்தில் மேடும் மேடும் சரியாகப் பொருந்தாமல் இடிக்கும். அதனால் ஒவ்வொரு பகுதியிலும் முழுசாக மூன்று மேடு, மொத்தம் 9 அங்குலம் எடுப்பது என்று வைத்தோம். விட்டம் 17-க்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாக நின்றது. தேய்ந்த நாலு மேடும் அப்படியே இருக்கின்றன.

வெட்டும் இடங்களில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் ரப்பரைச் சீவிக் கம்பியை வெளியே எடுத்தோம். மீதி வளைவுகளைச் சின்ன வட்டத்துக்கு வளைக்க வேண்டும். பச்சையாக வளைத்தால் எபோனைட் ஒடியும், கொதிநீரில் போட்டால் இளகும். நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒவ்வொரு துண்டாகப் போட்டு எடுத்து, பெரியவர் இழைத்து வைத்திருந்த வேங்கைக் கட்டை அச்சில் மெதுவாக அழுத்தினார். கம்பி திமிறித் திரும்பும், மறுபடி அண்டா. ஒரு துண்டுக்கு ஐந்தாறு தடவை.

வெல்டிங் மட்டும் ஓசூரில் ஆர்கான் வெல்டிங் செய்யும் இடத்தில். கம்பி முனைகளைச் சாய்த்து உரசி, ரப்பர் மேல் ஈரத்துணி சுற்றி, ஒரு சொட்டு வைத்து ஆறவிட்டு அடுத்த சொட்டு. மூன்று கைகளையும் நடுவில் வெட்டி ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தோம். நடுக்குடத்தில் நெருப்பே படவில்லை. கடைசியில் எல்லா ஒட்டிலும் சிவப்புச் சாயம் தடவி, வெள்ளைப் பொடி அடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ஸ்டீயரிங் கையில் உடைந்து வந்தால் அப்புறம் வண்டி யார் சொல்லும் கேட்காது. இந்தச் சோதனையை யாரும் விடாதீர்கள்.

வெடிப்புகளை முக்கோண அரத்தால் கம்பி வரை அகலப்படுத்தி, துரு எடுத்து, எபாக்ஸி பசை வைத்து அடைத்தேன். சீவிய ரப்பரின் தூளையே அதில் பிசைந்தேன், நிறம் ஒட்டிப்போனது. ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு 80, 120, 220, 400 என்று உப்புத்தாள். மேலே இரண்டு கலவை பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட். தேய்ந்த நாலு மேட்டுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை, மெழுகு போட்டுத் துடைத்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாரி ஸ்டீயரிங் பெரிதாக இருப்பது சும்மா இல்லை, அது நெம்புகோல். 20-லிருந்து 17-க்கு வந்தால் அதே திருப்பலுக்கு ஆறில் ஒரு பங்கு கூடுதல் பலம் வேண்டும். காலி வண்டி, உருண்டுகொண்டிருக்கும்போது தெரியவில்லை. நின்ற இடத்தில் திருப்பினால் தோள் பேசுகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாமல் லோடு ஓட்டும் வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

---

பதிவுக்கு வந்த பதில்கள். ஓசூரிலிருந்து:

அண்ணா, படிச்சு முடிச்சிட்டு என் வண்டிகிட்ட போய் நின்னுட்டு வந்தேன். நான் தலைகீழா செஞ்சவன். பிற்கால லாரியோட பவர் ஸ்டீயரிங் பாக்ஸும் பம்பும் முதல்ல போட்டேன். பம்புக்கு பெல்ட் ஓட்டம் பிடிக்கவே ஒரு மாசம். அப்புறம் பார்த்தா பழைய வீல் புதுத் தண்டுல உட்காரல, பல்லு வேற. பழைய வீலைக் குடைஞ்சிடலாம்னு சொன்னாங்க, மனசு வரல. லேத்துல நடுவுல ஒரு புஷ் கடைஞ்சு போட்டேன், உள்ளே புதுப் பல்லு, வெளியே பழைய அளவு. நாளைக்குப் பழைய பாக்ஸ் திரும்பப் போட்டாலும் வீல் அப்படியே ஏறும்.

பென்னாகரத்திலிருந்து:

நான் அளவு குறைக்கவில்லை, வெடிப்பு மட்டும் அடைத்தேன். டிங்கரிங்குக்குப் போடும் பாடி புட்டியை வைத்து ஏமாந்தேன். பார்க்க அழகாக இருந்தது, சித்திரை வெயில் தாண்டவில்லை, ஒகேனக்கல் ரோட்டில் போகும்போது உள்ளங்கையில் பொரிந்து வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி எபாக்ஸி. உங்கள் அப்பா உட்கார்ந்து பார்த்தாரா? அதை எழுதவே இல்லையே.

காவேரிப்பட்டணம், பதிவு போட்டவன்:

ஓசூர் தம்பி, அந்த புஷ் யோசனை ரொம்ப நல்ல யோசனை. பஞ்ச் புள்ளியை அதிலும் ஒன்று அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கழற்றும்போதெல்லாம் வீல் கோணலாக நிற்கும்.

அப்பா உட்கார்ந்தார். ஆரம் ஒன்றரை அங்குலம்தான் குறைந்தது, அது போதுமாக இருந்தது. இடது காலை முதலில் விட்டு, சீட்டில் நகர்ந்து, வலது காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டார். வளையத்தைச் சுற்றித் தடவினார். வலது கை அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. பெயின்ட் விட்டுப்போச்சுடா என்றார். விட்டதுதாம்பா என்றேன். சரி, ஸ்டார்ட் பண்ணு என்றார். கிணற்று மேடு வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு போனார், திருப்பிக் கொண்டுவர நான்.