வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ் தங்கைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை, ஸ்டாஃப் நர்ஸ், 14 வருடம்

நானே ஆரம்பிக்கிறேன். போன மாதம், காலை ஆறே முக்கால். நைட் முடிகிற நேரம், அடுத்த ஷிப்டுக்கான ஹேண்டோவர் எழுதிக்கொண்டிருந்தேன். சேர்ந்து மூன்றே வாரமான தங்கை கையில் சிரிஞ்சோடு வந்து நின்றாள். “அக்கா, பாட்டில்ல 100னு போட்டிருக்கு. சிரிஞ்சு மூடி சிவப்பா இருக்கு. இது சரியா?”

ராயபுரத்துப் பாட்டி ஒருவருக்கு டிபனுக்கு முன் 10 யூனிட் இன்சுலின். உண்மையைச் சொல்கிறேன், “போடும்மா, நேரமாகுது” என்று வாய் வரை வந்துவிட்டது. எதற்கும் வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கானது. அதில் 10 கோடு வரை இழுத்தால் கால் மில்லி வரும். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டிலில் கால் மில்லி என்றால் 25 யூனிட்! 100க்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் அதே டிராயரில்தான் கிடந்தது. பாட்டிக்கு சர்க்கரை எவ்வளவு கீழே போய் நின்றிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. முதல் வாரத்தில் அவள் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டாள் என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டவள் நான். அதற்கப்புறமும் எப்படித்தான் வந்து கேட்டாளோ! இப்போது இன்சுலினுக்கு இரண்டு பேர் பாட்டிலையும் மூடி நிறத்தையும் வாய்விட்டுப் படித்த பிறகே ஊசி. டிராயரையும் பிரித்துவிட்டோம்.

வியாசர்பாடி, 2 வருடம்

அக்கா, நான் அந்தத் தங்கை மாதிரி கேட்காமல் விட்டவள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ரத்தம் எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய் விரலில் குத்திக்கொண்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவாரே என்ற பயத்தில், விரலைப் பிதுக்கித் துடைத்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். பார்த்தது ஆயாம்மா. “இன்னாமா, கையில ரத்தம்? வா, சொல்லிடலாம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சிஸ்டர் திட்டவே இல்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொன்னார். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை, மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும் என்றார். நோயாளியின் ரத்தம் நெகட்டிவ் என்று வந்ததும் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆனால் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியில் ஆறாம் மாத மூன்றாவது ஊசியை நான் போடவே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. சேரும்போதே யாராவது கேட்டிருக்கலாம்.

இப்போது புதிதாக யார் வந்தாலும், வார்டைச் சுற்றிக் காட்டும்போது ஊசி வெட்டும் மெஷினையும் கூர்மையானவற்றைப் போடும் வெள்ளை டப்பாவையும்தான் முதலில் காட்டுகிறேன். பாத்ரூம் அப்புறம்.

திருவொற்றியூர், கேஷுவாலிட்டி (அவசரப் பிரிவு) பிரதர் (ஆண் நர்ஸ்)

என்னுடையது வேறு. ஒரு நோயாளியோடு பதினைந்து பேர் உள்ளே வந்துவிட்டார்கள். புதிய சிஸ்டர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் பதில் சொல்லப் பார்த்தாள். நான் போய், “வூட்ல பெரியவங்க யாரு?” என்று கேட்டு ஒருவரோடு மட்டும் பேசினேன். மற்றவர்கள் தானாகவே ஒதுங்கினார்கள். நம்ம ஏரியா ஜனம் சத்தமாகத்தான் பேசும், பாதி நேரம் அது பயம். இருந்தாலும் வெளியேறும் வழி எப்போதும் நம் பக்கம் இருக்க வேண்டும் என்று அவளுக்கு அன்றே சொன்னேன். மருத்துவமனை ஊழியரைத் தாக்குவதற்கு எதிராக இங்கே 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சுவரில் போர்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் போர்டை யார் படிக்கிறார்கள்?

அப்புறம் தண்டையார்பேட்டை அக்கா, எங்கள் டிராயரை இப்போதுதான் திறந்து பார்த்தேன். சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. பிரித்து வைக்கிறேன்.