பேசினால் இயங்கும் செயலியை, பேசச் சொல்லிச் சோதித்த அனுபவம்

குரோஷா பின்னலைக் குரல்வழியே கற்றுத்தரும் ஒரு செயலியின் பயன்பாட்டுச் சோதனையில் கண்டவற்றைப் பகிர்கிறேன். ஒரு கையில் ஊசி, மறு கை விரலில் நூல் என்று இருப்பவர் திரையைத் தொட முடியாது. ஆகவே "அடுத்தது", "மறுபடி சொல்", "நிறுத்து" போன்ற சொற்களால்தான் செயலியை நடத்த வேண்டும்.

இத்தகைய சோதனைகளில், மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுமாறு பங்கேற்பாளரைக் கேட்பது வழக்கம். இங்கே அதுவே இடைஞ்சலாயிற்று. "அடுத்தது எந்தக் கண்ணியில் விடுவது?" என்று ஒருவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள, செயலி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குத் தாவியது. இன்னொருவர் கண்ணிகளை முணுமுணுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தபோது, "புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்று செயலி குறுக்கிட்டது. எண்ணிக்கை தவறியதால் பாதி வரிசையைப் பிரித்துவிட்டு அவர் மறுபடி தொடங்கினார். பின்னுபவர் வாய்விட்டு எண்ணுவார் என்பது வடிவமைத்தவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போனது என்பது எனக்கு வியப்புதான்.

பிறகு, கைகளை மட்டும் படம்பிடித்து, ஒவ்வொரு சிறு பகுதி முடிந்ததும் அதைப் போட்டுக்காட்டி, "இந்த இடத்தில் ஏன் தயங்கினீர்கள்?" என்று கேட்டோம். புதிய கட்டளைச் சொற்களைத் தேர்ந்தெடுக்க, 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் ஜான் கெல்லி கையாண்ட 'விசார்ட் ஆஃப் ஆஸ்' முறை உதவியது: மறைவில் இருக்கும் ஒருவரே செயலியின் பதில்களை இயக்குவார், பங்கேற்பாளர் தமக்கு இயல்பாக வரும் சொற்களில் பேசுவார். "மறுபடி சொல்" என்பதைவிட "என்ன?" என்றுதான் பலரும் கேட்டார்கள்.

இறுதியில், ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கூற்றுகள் கொண்ட எஸ்யூஎஸ் (System Usability Scale) வினாத்தாளைக் கொடுத்தோம்; ஒரு கருவி பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை 100க்கு மதிப்பிடுவது அது. திணறியவர்கள்கூட, சராசரியாகக் கருதப்படும் 68ஐத் தாண்டிய மதிப்பெண் அளித்தார்கள். காரணம் கேட்டால், "என் கைக்குத்தான் இன்னும் பழக்கமில்லை" என்றார்கள். கைத்தொழில் பழகுபவர் கருவியைக் குறை சொல்லத் தயங்குவதால், இங்கே மதிப்பெண்ணைவிடப் பிரிக்கப்பட்ட வரிசைகளையே நான் நம்புவேன்.

மௌனத்துக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. ஊசி நூலுக்குள் நுழையும் நேரத்தில் யாரும் பேசுவதில்லை, செயலி காத்திருந்தால் "நின்றுவிட்டதா?" என்று ஐயுறுகிறார்கள், நினைவூட்டினால் எரிச்சலடைகிறார்கள்.