வடக்குத்தெரு பொங்கல் குழு, கம்பம்

தலைவர் மாமா, காலை 6:12
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி 15, முல்லைப் பெரியாறு அணை கட்டுன பென்னிகுயிக் பிறந்தநாளுக்கு லோயர் கேம்ப் மணிமண்டபத்துல பொங்கல் வச்சிட்டு வந்ததும், சாயங்காலம் நம்ம மேடையில ஒருத்தருக்கு மரியாதை செய்யணும். 2011 டிசம்பர்ல அந்த அணைப் பிரச்சனை முத்தி, கேரளா ஏலக்காட்டுல நம்ம சனம் வழியில்லாம நின்னப்போ, ராத்திரியோட ராத்திரியா கம்பம்மெட்டு வரைக்கும் இறக்கிவிட்டாரே வண்டன்மேட்டு ஜீப்பு அண்ணன், அவருக்கு. "சமாதான விருது"ன்னு ஒரு கேடயம், ஒரு பொன்னாடை. செலவு 2,000 ரூவா, நான் தாரேன்.

ஏலக்காட்டு மதினி, 6:20
மாமா, கண்ணு கலங்கிருச்சு. அந்த ஜீப்புல நானும் இருந்தேன். மடியில கைப்புள்ள.

காலேஜ் தம்பி, 6:41
அவருக்கு நன்றி சொல்லணும் மாமா, அதுல மாத்துப்பேச்சே இல்ல. விருதுன்னு பேர் வைக்கிறதுதான் உறுத்துது. 1973ல வியட்நாம் ஒப்பந்தத்துக்காக அமெரிக்காவோட கிஸ்ஸிங்கருக்கும் வட வியட்நாமோட லே டுக் தோவுக்கும் சமாதான நோபல் அறிவிச்சாங்க. எங்க நாட்டுல இன்னும் சமாதானம் வரலையேன்னு லே டுக் தோ வாங்க மறுத்துட்டார். விருதுக் குழுவுலயே 2 பேர் விலகினாங்க. சண்டை முடிய 1975 ஆச்சு. 2019ல எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது, எரித்ரியாவோட பகையைத் தீர்த்ததுக்கு வாங்கினார். மறுவருசம் நவம்பர்ல அவர் நாட்டுக்குள்ளேயே டிக்ரேல போர்.

தலைவர் மாமா, 6:44
காந்திக்கே குடுக்காத விருதுதானப்பா அது.

வாத்தியாரய்யா, 7:15
உண்மைதான். 1948ல அவர் பேர் பரிந்துரையில இருந்துச்சு. சுட்டுக் கொன்னுட்டாங்க. உயிரோட இருக்கவங்கள்ல தகுந்த ஆள் இல்லைன்னு அந்த வருசம் யாருக்கும் குடுக்கல.

ஆனா தம்பி, கொலம்பியாவையும் பாரு. 50 வருசத்துக்கு மேல உள்நாட்டுச் சண்டை, 2 லட்சத்துக்கு மேல சாவு. அதிபர் சாண்டோஸ் நாலு வருசம் ஹவானாவுல பேச வச்சு ஃபார்க் கெரில்லாக்களோட ஒப்பந்தம் போட்டார். 2016 அக்டோபர் 2ல சனங்க ஓட்டுப் போட்டு அதைத் தோக்கடிச்சிட்டாங்க. வேணாம்னவங்க 50.2 சதவீதம், மயிரிழைதான். எல்லாம் போச்சுன்னு நெனைக்கும்போது, அஞ்சு நாள் கழிச்சு, 7ஆம் தேதி ஆஸ்லோவுல இருந்து நோபல் அறிவிப்பு. அன்னைக்கு அந்த ஆளு தோத்துப்போய் நிக்கார், அதை மறந்துறாத. செயிச்சவனுக்குப் போட்ட மாலை இல்ல அது, கால் தள்ளாடுறவனுக்கு நீட்டுன கை. எதிர்த்தவங்க சொன்னதையும் கேட்டு ஒப்பந்தத்தைத் திருத்தி, நவம்பர் கடைசியில அவங்க நாடாளுமன்றத்துல நிறைவேத்துனாங்க. விருது மட்டும் இதைச் செஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். தெருவுல இறங்குன மாணவர்களும், சொந்தத்தைப் பறிகொடுத்தவங்களும்தான் இழுத்துப் பிடிச்சாங்க. ஆனா உலகம் பாத்துக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சப்புறம் ரெண்டு பக்கமும் மேசையை விட்டு எந்திரிக்கிறது லேசு இல்ல.

காலேஜ் தம்பி, 7:22
சார், அதையும் சாண்டோஸுக்கு மட்டும்தானே குடுத்தாங்க? எதுத்தாப்புல உக்காந்து பேசுனவங்களுக்கு இல்லையே.

வாத்தியாரய்யா, 7:30
நல்ல கேள்வி. எனக்கும் அந்தக் குறை உண்டு. 1998ல வட அயர்லாந்து ஒப்பந்தத்துக்கு ஜான் ஹியூமுக்கும் டேவிட் டிரிம்பிளுக்கும் சேத்துக் குடுத்தாங்க. கத்தோலிக்கர் பக்கம் ஒருத்தர், புராட்டஸ்டன்ட் பக்கம் ஒருத்தர். அதுதான் முறை.

குமுளி அக்கா, 8:05
இப்பத்தான் கடை திறந்தேன், எல்லாம் படிச்சேன். மாமா, கோவிச்சுக்காதீங்க. நான் இங்கிட்டு இருக்கவ, எனக்குத் தெரியும். அந்தச் சேட்டன் தமிழாளுகளை ஏத்திட்டுப் போனாருன்னு அவர் தெருவுலயே ரொம்ப நாள் சில பேர் முகம் குடுத்துப் பேசல. ஜீப்பு கண்ணாடியை ஒடைச்சுட்டாங்க. அவர் வாயத் திறந்து யார்கிட்டயும் சொல்லல. இப்ப நீங்க மேடை போட்டு, போட்டோ எடுத்து, அது போன் போனாப் போனா, அணை பேச்சு மறுபடி எப்ப கிளம்புனாலும் அவர் வாசல்லதான் வந்து நிப்பாங்க.

வாத்தியாரய்யா, 8:11
இதை நான் யோசிக்கல தாயி. 1994ல பாலஸ்தீன அராஃபத், இஸ்ரேலோட ராபின், பெரஸ் மூணு பேருக்கும் குடுத்தாங்க. மறுவருசம் ராபினைச் சுட்டது எதிரி இல்ல, அவர் நாட்டுக்காரனே.

ஏலக்காட்டு மதினி, 8:19
இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு அவர் மட்டுமில்ல. ஜீப்பு வர்ற வரைக்கும் எங்க 11 பேரையும் காப்பிக் களத்துல மறைச்சு வச்சது அவுக அம்மா. முன்னாடி பைக்ல போயி ரோட்டுல கூட்டம் இருக்கான்னு பாத்துச் சொன்ன பையன் ஒருத்தன். அவருக்கு மட்டும் கேடயம்னா மத்தவங்க மனசு என்னாகும்?

வாத்தியாரய்யா, 8:27
வட அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல இதே நடந்திருக்கு. 1976ல, அந்தச் சண்டையில ராணுவம் ஓட்டுனவனைச் சுட்டதுல தறிகெட்டு ஓடுன ஒரு கார் மோதி மூணு குழந்தைங்க செத்தாங்க. பெட்டி வில்லியம்ஸும், குழந்தைங்களோட அம்மாகூடப் பொறந்த மெய்ரீட் காரிகனும் ரெண்டு பக்கத்துப் பொம்பளைகளையும் ஆயிரக்கணக்குல சேத்து ஊர்வலம் போனாங்க. நோபலும் வந்துச்சு. பரிசுப் பணத்தை அவங்களே வச்சுக்கிட்டதுல மனஸ்தாபம், கூட்டம் கரைஞ்சுபோச்சு. அவங்க செஞ்சது சின்ன வேலை இல்ல. ஆனா கூட நடந்தவங்கள்ல ரெண்டு பேரைத் தனியா எடுத்து உசத்துனா இது வரும்.

தலைவர் மாமா, 8:40
சரி. நானா முடிவு பண்ணது தப்பு. கேடயக் கடையில சொல்லி நிறுத்தி வைக்கேன். குமுளி ஆத்தா, நீ நேர்ல போயி அவரையே கேளு. வேணாம்னா விட்டுருவோம்.

குமுளி அக்கா, மாலை 4:52
போயிட்டு வந்தேன். சேட்டன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிட்டு வாரேன், கேடயம் வேணாம். பொன்னாடை போடுறதா இருந்தா ரெண்டு போடணும். அதே டிசம்பர்ல கம்பத்துல தன்னோட மச்சான் சிப்ஸ் கடை வச்சிருந்தாராம். கடையை அடிக்க வந்தப்போ ஒரு தமிழ்க் கிழவி அவரை வீட்டுக்குள்ள தள்ளி, வாசப்படியில உக்காந்துக்கிட்டாங்களாம், என்னைத் தாண்டித்தான் போகணும்னு. அந்தம்மாவுக்கும் போட்டா வாரேன்னு சொல்றார். யாருன்னு யாருக்காச்சும் தெரியுமா?

ஏலக்காட்டு மதினி, 4:58
எந்தத் தெருவாம் அக்கா?

குமுளி அக்கா, 5:01
நம்ம தெருவாம்.

தலைவர் மாமா, 5:34
எங்க ஆத்தாதான். இத்தனை வருசமா வெளிய சொன்னதில்ல. அன்னைக்குக் கடை அடிக்க வந்த கூட்டத்துல நானும் ஒருத்தன்.

தலைவர் மாமா, 5:36
ஆத்தாவுக்கு இப்ப முட்டி மடங்காது, மேடை ஏற முடியாது. பந்தலை எங்க வாசல்லயே போட்டுக்குவோம். போட்டோ வேணாம்.